விற்க முடியாத வீடு

வீட்டை விற்க நினைப்பவர் முதலில் அதைப் பிறர் கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார். ஒழுகும் கூரையை அடைக்கிறார். சுவருக்குப் புதுப் பூச்சுப் பூசுகிறார். மூலையில் கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலில் இரண்டு பூந்தொட்டிகளை வைக்கிறார். மேல்நாடுகளில் இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. வாடகைக்கு மேசை, நாற்காலி, ஓவியம் எல்லாம் கொண்டுவந்து அடுக்கி, வீடு விலைபோனதும் திரும்ப எடுத்துச் செல்வார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வீடு வாங்கி விற்ற வாசகர்கள் இதை என்னைவிட நன்கு அறிவார்கள்.

இலங்கையின் மலையகத்துக்கு இந்தக் கலை புதிதன்று. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இன்று நாம் காணும் தோட்டங்களில் பெரும்பாலானவை, ஒரு முறையேனும் வாங்குபவர் ஒருவரின் கண்ணுக்காக ஒழுங்கு செய்யப்பட்டவை. அந்த மலைகளின் சரித்திரத்தைப் போராட்டங்களின் சரித்திரமாக எழுதியிருக்கிறார்கள். பயிர்களின் சரித்திரமாகவும் எழுதியிருக்கிறார்கள். விற்பனைகளின் சரித்திரமாகவும் அதை வாசிக்கலாம். அப்படி வாசிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் உறுத்துகிறது. காடு விலைபோனது, தோட்டம் விலைபோனது, பங்களா விலைபோனது, மூடிக்கிடந்த தொழிற்சாலைகூட விலைபோனது. தலைமுறை தலைமுறையாக மனிதர் குடியிருந்த ஒரு வகை வீட்டை மட்டும், அதில் குடியிருந்தவர் ஒரு நாளும் விற்க முடிந்ததில்லை. அதுதான் லயம்.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமையை நிரூபிக்க முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரிய காணி என்று கருத வழிசெய்தது. அந்தக் காணியை அரசாங்கம் கோப்பிப் பயிருக்கு விற்றது. ஏக்கர் ஒன்று 5 ஷிலிங் என்ற விலை சில ஆண்டுகள் நிலவியது. வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆளுநர், நீதிபதிகள், படை அதிகாரிகள், அரசாங்க அதிபர்கள் என்று ஆட்சியில் இருந்தோரே வரிசையில் முன்னால் நின்றார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் விருந்துண்ட காலம் அது. 1847இல் கோப்பி விலை சரிந்தபோது, ஆயிரக்கணக்கான பவுண் செலவிட்டு உருவாக்கிய தோட்டங்கள் அற்ப விலைக்குக் கைமாறின. பின்னர் சந்தை மீண்டது. வாங்கல் விற்றலும் மீண்டது.

இந்தச் சந்தைக்கு ஒரு துணைநூலும் இருந்தது. 'சிலோன் ஒப்சேர்வர்' பத்திரிகையை நடத்திய பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட விபரக்கொத்து, தோட்டத்தின் பெயர், உரிமையாளர், துரை, ஏக்கர் கணக்கு எல்லாவற்றையும் ஆண்டுதோறும் அச்சிட்டது. தோட்டம் ஒன்று விற்பனைக்கு வந்தால் வாங்குபவர் கேட்கும் விபரங்களும் ஏறத்தாழ நிலையானவை. பயிரிட்டது எத்தனை ஏக்கர், காடு எத்தனை ஏக்கர், கடல் மட்டத்திலிருந்து உயரம் என்ன, வண்டிப் பாதை உண்டா, பங்களா எத்தகையது, களஞ்சியம் எத்தகையது, எத்தனை ஆட்களுக்கு லயம் உண்டு. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். லயம் அங்கே வீடாக இடம்பெறவில்லை. மாட்டுக் கொட்டிலும் தண்ணீர்ச் சக்கரமும் இடம்பெற்ற அதே நிரலில், தோட்டத்தின் ஓர் உபகரணமாகவே இடம்பெற்றது. நல்ல லயம் இருந்தால் ஆள் நிற்கும். ஆள் நின்றால் விலை நிற்கும்.

ஆளுக்கும் கணக்கு இருந்தது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டிவரக் கங்காணியிடம் கொடுத்த முன்பணம், தோட்டக் கம்பனிகளின் ஐந்தொகையில் சொத்தின் பக்கத்தில் நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடனைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். 1921இல் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழிக்கும்வரை, குடும்பம் ஒன்று லயம் மாறுவது என்பது ஒருவர் கடனை இன்னொருவர் வாங்கும் வியாபாரமாகவே இருந்தது.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பதினைந்து ஆண்டுகளில் கோப்பிப் பொருளாதாரம் படுத்துவிட்டது. 1884இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. ஆனால் ரயில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அது எட்டியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, இப்போது எல்லோருக்கும் நினைவு வந்தது. முறிந்த கோப்பித் தோட்டங்கள் மலிந்து கிடந்த அந்த நேரத்தில், 1890இல் தோமஸ் லிப்டன் வந்து இறங்கினார். தம்பேதென்னை உள்ளிட்ட தோட்டங்களை மலிவாக வாங்கினார். மளிகைக்கடைக்காரரான அவருக்குக் கடைக்கண்ணாடியின் மகிமை தெரியும். தோட்டத்தையே ஒரு கடைக்கண்ணாடியாக மாற்றினார். தலையில் கூடை தொங்கவிட்டுக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் படம் அவருடைய விளம்பரங்களின் வழியே உலகெங்கும் போனது. அந்தப் பெண் மாலையில் எந்தக் கதவைத் திறந்து உள்ளே போவாள் என்பது எந்த விளம்பரத்திலும் வரவில்லை. இன்றைய சுற்றுலாக் கையேடுகளிலும் அது வருவதில்லை.

பங்களாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துரை பங்களா மலையின் தோளில், காற்றும் காட்சியும் கிடைக்கும் இடத்தில் நின்றது. வளைந்து ஏறும் பாதையின் இருமருங்கும் சைப்பிரஸ் வேலி, வாசலில் வட்டமாகப் புற்றரை, ரோஜாப் பாத்திகள். உள்ளே செங்கல் கணப்பு, பலகைத் தரை அல்லது சிவப்புச் சிமெந்துத் தரை. அந்தத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரியும் கண்ணாடியாக்கியவர்கள் பங்களா வேலைக்காரர்கள். துரைமார் நிரந்தரமாக வாழ வந்தவர்கள் அல்லர். மாற்றலாகிப் போவார்கள், ஓய்வுபெற்றுக் கப்பலேறுவார்கள். எனவே பங்களா எப்போதும் அடுத்தவர் வந்து பார்ப்பதற்குத் தயாராகவே இருந்தது. உரிமையாளர் சார்பில் தோட்டத்தை மதிப்பிட வரும் விசிட்டிங் ஏஜென்ட் தங்குவதும் அங்கேதான். டன்கெல்ட், கிளென்கெயர்ன், பிரேமோர், ஹோலிரூட் என்ற ஸ்கொத்லாந்துப் பெயர்களும் இந்த அலங்காரத்தில் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன். இலண்டனில் பங்கு வாங்குபவருக்கு அந்தப் பெயரில் ஊர் வாசனை அடிக்கும். அதே தோட்டத்துக்கு லயத்தில் வேறொரு தமிழ்ப் பெயர் வழங்கும். கை எத்தனை மாறினாலும் அந்தப் பெயர் மாறாது.

1972ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெள்ளைக்காரத் துரை போனார், பங்களா நின்றது. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் மீண்டபோது, பங்களா ஒரு புதிய சரக்காயிற்று. 1996இல் கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்தின் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. கொழுந்து வாட்டும் மாடிகள் படுக்கையறைகளாயின. பழைய இயந்திரங்களைக் கழற்றி எறியாமல், துடைத்து எண்ணெயிட்டு, பார்வைக்கு வைத்தார்கள். 2005இல் டில்மா நிறுவனத்தின் குடும்பம் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் காசல்ரீ, நோர்வூட், சமர்வில், தியன்சின் ஆகிய நான்கு பங்களாக்களைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதிகளாக்கியது. அவற்றில் தியன்சின் 1888இல் கட்டப்பட்டது. செய்நேர்த்தியில் குறை சொல்ல முடியாது. இடிந்து போயிருக்கக்கூடிய கட்டடங்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு வேலையும் கிடைத்திருக்கிறது. ஒரு இரவு அங்கே தங்கும் செலவையும் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது எளிது, பலர் செய்துவிட்டார்கள். எனக்கு வேறொன்றே முக்கியமாகப் படுகிறது. ஒரு பழைய வீட்டைத் துலக்கி மெருகேற்றினால் அதன் மதிப்பு உயரும் என்ற சாதாரண விதி, அதே தோட்டத்தில் சில நூறு அடி கீழே செல்லுபடியாகவில்லை.

கீழே இருப்பது லயம். 10 அடிக்கு 12 அடி என்பது அதன் காம்பராவுக்குச் சொல்லப்படும் பழைய அளவு. முன்னால் ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஓர் அறை, ஒரு மூலையில் அடுப்பு. சில லயங்கள் ஒற்றை வரிசை. சில, முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. தகரக் கூரை ஒன்றே பத்துப் பன்னிரண்டு குடும்பங்களை மூடும்.

லயத்துக்கும் அலங்காரம் உண்டு. தோட்டத் தொழிலாளரின் சுகாதாரம் பற்றி 1912இல் சட்டங்கள் வந்தபின் வைத்திய அதிகாரிகள் லயம் பார்க்க வந்தார்கள். 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் ஏஜென்ட் கண்டியில் அலுவலகம் வைத்துத் தோட்டங்களைச் சுற்றிவந்தார். பெரிய மனிதர் எவரும் வருகிறார் என்றால் லயத்துச் சுவரில் சுண்ணாம்பு ஏறும், கான்கள் கழுவப்படும் என்பது மலையகத்து முதியவர்களிடம் எங்கும் கேட்கக்கூடிய கதை. வெள்ளையடித்தது துரையின் சுவருக்கு. குடியிருந்தவருக்கு அதில் கிடைத்தது சுண்ணாம்பு வாசனை.

வாங்குபவர் ஆளில்லாத நிலம் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரத்தில் விடை இருக்கிறது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளர் வழக்கில் உருளவள்ளி, அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டது. விவசாய, காணி அமைச்சராக இருந்தவர் டி.எஸ். சேனநாயக்க. லயங்களில் இருந்தவர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் வந்தது. அவர்கள் மறுத்தார்கள். அத்துமீறி இருந்ததாக அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. தாம் குடியிருந்த காம்பராவில் தாமே அத்துமீறியவர்கள்! இலங்கை இந்தியக் காங்கிரஸ் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. இரண்டு ஆண்டுகளில் வந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் நிழல் இந்த வழக்கிலேயே விழுந்துவிட்டது என்பது என் எண்ணம். முப்பது ஆண்டு கழித்து, 1977 மே மாதத்தில், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்தெடுக்கும் திட்டத்துக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டார்கள். டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு இலட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். மலையகத்தில் அந்தப் பெயரை இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றது. அதன்படி புறப்பட்ட ஒவ்வொரு குடும்பமும் வீட்டைக் காலி செய்தது. ஆடு, மாடு, கோழி, அண்டா குண்டா, கட்டில், தையல் மெசின், விறகு அடுக்கு, மரக்கறித் தோட்டத்தில் முற்றிநின்ற காய் ஆகிய எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தார் பேரம்பேசி வாங்கினார்கள். காம்பராவைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது. மூன்று தலைமுறை இருந்த இடத்துக்கு ஒரு சதமும் கணக்கில் இல்லை. வீடு விற்ற பணத்தோடு புது ஊருக்குப் போவது என்ற, உலகத்தில் புலம்பெயர்வோர் பலருக்குக் கிடைக்கும் சிறு ஊன்றுகோல், தலைமன்னாரில் கப்பலேறியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1947 நாடாளுமன்றத்தில் தலவாக்கலை உறுப்பினராக இருந்த சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தார். கூரைக்குக் கீழே படுத்திருப்பவனைப் பற்றி அப்படிப் பெயர் வைக்க, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவரால்தான் முடியும்.

இனி அண்மைக் காலம். 1992க்குப் பின் நிலம் அரசுக்கு, நிர்வாகம் கம்பனிக்கு, குத்தகை 2045 வரை என்று ஏற்பாடு. லயக் குடியிருப்போ தொழிலோடு ஒட்டியது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்திருந்தால் காம்பரா கையில் நிற்கும். 1990களில் தனி வீட்டுத் திட்டங்கள் வந்தன. 7 பேர்ச் நிலத்தில் வீடு, கட்டும் கடன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தம். கடனைத் தீர்த்தவர்கள் பலர் உண்டு. கடன் தீர்ந்தும் உறுதிப் பத்திரம் கைக்கு வராதவர்களும் பலர் உண்டு. பின்னர் இந்திய உதவியுடன் 4,000 வீடுகள், ஒவ்வொன்றும் 550 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் வந்தது. உறுதிகளும் ஒரு பகுதியினருக்கு வழங்கப்பட்டன. மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவைக் கொண்டாடிய 2023இல் 7 பேர்ச் 10 பேர்ச் என்ற பேச்சாக வளர்ந்தது. ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். கணக்குப் பார்க்க விரும்புபவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

காணி உறுதி ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று பல ஆண்டுகளாகப் பலரிடம் கேட்டிருக்கிறேன். தோட்ட நிர்வாகத்தவர், அதிகாரிகள், தொழிற்சங்கத்தார் சிலர்கூட, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லும் பதில் ஒன்று உண்டு: "கொடுத்தால் விற்றுவிடுவார்கள்." குடித்துத் தொலைப்பார்கள், முதலாளிமார் வாங்கிவிடுவார்கள், தோட்டத்துக்கு நடுவில் அந்நியர் வந்து குடியேறுவார்கள் என்று அதற்கு வால்களும் உண்டு.

இந்தப் பதிலை முழுக்கத் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வறியவரின் நிலம் வட்டிக்காரர் கைக்குப் போவது எங்கும் நடப்பது. சிங்கள விவசாயியைப் பற்றியும் ஆட்சியாளர் இதே கவலையைப் பட்டார்கள். 1927இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் சிந்தனையிலிருந்து பிறந்த 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரசு கொடுத்த காணியை விருப்பம்போல் விற்கவும் துண்டாடவும் விடவில்லை. 2024 பெப்ரவரியில் தம்புள்ளையில் தொடங்கிய 'உறுமய' திட்டம், அத்தகைய காணிகளை முழு உரித்தாக்குவோம் என்றது. அதாவது, விவசாயி விற்றுவிடுவார் என்று அஞ்சிய அரசு, ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த அச்சத்தை விட முன்வந்தது. தோட்டத் தொழிலாளரோ 1935இன் அந்தக் கட்டுப்பாடான உரிமையைக்கூடப் பெற்றதில்லை.

அதோடு, விற்றல் என்பதே மலையகத்தில் ஏதோ அசம்பாவிதம் போலப் பேசப்படுவதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆளுநர் வாங்கி விற்றார். வங்கி எடுத்து விற்றது. லிப்டன் வாங்கினார். இலண்டன் கம்பனிகள் தமக்குள் வாங்கி விற்றன. 1975இல் அரசு எடுத்தபோது இழப்பீடும் பெற்றன. 1995 முதல் அரசு கம்பனிப் பங்குகளை விற்றது. இத்தனை கைமாற்றத்தின்போதும் தோட்டம் அந்நியர் கைக்குப் போய்விடுமே என்று யாரும் கலங்கியதாகத் தெரியவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரில் 7 பேர்ச் எழுதும் நேரத்தில் மட்டும் அந்தக் கலக்கம் வந்து சேர்கிறது. அவள் பெயரில் எழுதுவார்களா என்பது இன்னொரு கேள்வி. படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்துக்குள் பெரும்பாலும் ஆணின் பெயரே ஏறுகிறது.

உறுதி இல்லாத வீட்டின் விலை பூச்சியம் என்று பொருளியல் படித்தவர்கள் சொல்லக்கூடும். அது சரியான கணக்கன்று. வங்கியில் ஈடு வைக்க முடியாது. சில இடங்களில் கடிதம்கூட வீட்டுக்கு வராமல் தோட்ட அலுவலகத்தில் கிடக்கும். பிள்ளை பட்டணத்தில் படிக்கப் பணம் திரட்டும் வழிகளில் ஒன்று குறைகிறது. ஆனால் மஸ்கெலியாவிலோ டிக்கோயாவிலோ லயங்களின் ஊடே நடந்து பாருங்கள். இஸ்தோப்பை அடைத்து முன்னறை எடுத்திருப்பார்கள். பின்னால் சிமெந்துக் கல்லில் ஒரு குசினி. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் மகனும், மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்யும் மகளும் அனுப்பிய பணத்தில் தரைக்கு ஓடு பதித்திருப்பார்கள். ஒரே கூரையின் கீழே பக்கத்துக் காம்பரா நீலம், இது ரோஜா நிறம், அடுத்தது எலுமிச்சை மஞ்சள். சாமித்தட்டு, கண்ணாடி அலமாரி, அதில் விருந்தினருக்கென்று வைத்த கோப்பைகள். எந்த வாங்குபவரையும் எதிர்பார்க்காமல், சட்டப்படி தமதல்லாத சுவரில், சொந்தப் பணத்தைப் போட்டிருக்கிறார்கள். தோட்ட நிர்வாகம் நினைத்தால் விரிவாக்கிய பகுதியை உடைக்கச் சொல்லவும் இடமுண்டு. 1979ஆம் ஆண்டின் அரச காணிகள் மீட்புச் சட்டம் கையில் இருக்கிறது.

கம்பளைக்கு அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், 2007இல் ஒரு பழைய லயம் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவனம் அதை நடத்துகிறது. ஹந்தானையில் தேயிலைச் சபை ஒரு பழைய தொழிற்சாலையில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தில் இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் இருக்கும். ஓல்ட் பீக்கொக்கில் இருப்பவை அம்மி, உரல், கூடை, கவ்வாத்துக் கத்தி, கங்காணி காலத்துப் பொருட்கள், தொழிலாளர் வாழ்க்கையின் ஆவணங்கள். மலையகத்தில் பார்வையாளருக்காகக் கூட்டித் துடைத்து, சாமான்களை இடம் பார்த்து வைத்து, கதவைத் திறந்துவைத்திருக்கும் லயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். நுவரெலியாவுக்குப் போகும் வாசகர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம். பாதை கொஞ்சம் மோசம்.